எட்டாம் ஹென்றி: ஹோல்பைன் வரைந்த அந்தப் படம் இப்போது எங்கே?

#1 வண்ணக்குழம்பு
இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் கண்ணில் வரும். கால் இரண்டையும் அகட்டி, தோளை விரித்து, வலது கையில் கையுறை, இடது கை குறுவாள் கயிற்றில். கீழே "ஹான்ஸ் ஹோல்பைன், 1537" என்று போட்டிருப்பார்கள். தேடிப் பார்த்தால் குழப்பம்தான் மிச்சம்.

லிவர்பூல் வாக்கர் காட்சியகத்தில் ஒன்று: 239 × 134.5 செ.மீ. மாட்ரிட் தைசென் அருங்காட்சியகத்தில் ஒன்று: வெறும் 28 × 20 செ.மீ., மார்பளவு. லண்டன் தேசிய உருவப்பட காட்சியகத்தில் ஒன்று: 257.8 × 137.2 செ.மீ., கறுப்பு வெள்ளைபோல இருக்கிறது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தொகுப்பில் அப்பா, அம்மா, மனைவியோடு நிற்கும் குடும்பப் படம். அதில் 1667 என்று ஆண்டு. நான்கிலும் ஹோல்பைன் பெயர் அடிபடுகிறது.

இதில் மூலம் எது? சிலவற்றில் முகம் நேராகவும் சிலவற்றில் சற்றுத் திரும்பியும் இருப்பது ஏன்?

#2 பழந்தாள்
நான்கில் எதுவும் மூலம் இல்லை. மூலம் எரிந்துவிட்டது.

அது சட்டம் போட்டு மாட்டிய படமே இல்லை, சுவர் ஓவியம். லண்டன் வைட்ஹால் அரண்மனையில், அரசரின் அந்தரங்க அறைச் சுவரில் 1537-ல் ஹோல்பைன் தீட்டியது. (அந்த அரண்மனை முன்பு ஹென்றியின் தலைமை அமைச்சர் கார்டினல் வுல்சியின் யார்க் பிளேஸ் மாளிகை. 1529-ல் அவர் செல்வாக்கிழந்து விழுந்ததும் ஹென்றி எடுத்துக்கொண்டார்.) ஓவியத்தில் நான்கு பேர், எல்லோரும் ஆளுயரம். பின்வரிசையில் ஏழாம் ஹென்றியும் அவர் மனைவி யார்க் எலிசபெத்தும். முன்வரிசையில் எட்டாம் ஹென்றியும் மூன்றாம் மனைவி ஜேன் சீமோரும். நடுவில் லத்தீன் செய்யுள் பொறித்த கல்மேடை.

1698 ஜனவரி 4 அன்று அரண்மனையில் தீப்பிடித்தது. சலவை செய்யும் டச்சுப் பெண் ஒருத்தி துணி காய்வதற்காகக் கரியடுப்பின் மேல் விரித்து வைத்ததில் பற்றியது என்பார்கள். பெரிய கட்டடங்களில் இனிகோ ஜோன்ஸ் கட்டிய விருந்து மண்டபம் நின்றது. ஓவியம் சுவரோடு போயிற்று.

ஆக, 160 ஆண்டு இருந்து அழிந்துபோன ஒன்றின் சாயல்களைத்தான் நீங்கள் நான்கு ஊரில் பார்க்கிறீர்கள்.

#3 மதுரைவாசி
அப்படி ஒரேயடியா "எதுவும் மூலம் இல்லை"ன்னு சொல்லிட முடியாதுங்க. மாட்ரிட்ல இருக்கறது ஹோல்பைன் கையால தீட்டினதுன்னு கிட்டத்தட்ட எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கிறாங்க. ஹென்றியை அவர் வண்ணத்துல தீட்டி இன்னைக்கு மிஞ்சியிருக்கறதுல சர்ச்சையில்லாதது அது ஒண்ணுதான். பலகை மேல எண்ணெய் வண்ணம், நகைக்கும் சரிகைக்கும் தங்கப் பூச்சு. இங்கிலாந்துல ஸ்பென்சர் குடும்பத்துகிட்ட ஆல்தார்ப் மாளிகைல இருந்தது, 1930-கள்ல தைசென் கைக்குப் போச்சு.

லண்டன்ல இருக்கறதும் அவர் கைதான். அதையும் "சாயல்" கணக்குல சேர்த்தா எப்படி?

#4 பழந்தாள்
மதுரைவாசி சொல்வது சரி, ஆனால் கேள்வி "அந்தப் படம்" பற்றியது. கால் அகட்டி நேர்முகமாக நிற்கும் முழு உருவம் மாட்ரிட் பலகையில் இல்லை. லண்டனில் முழு உருவம் இருக்கிறது, நேர்முகம் இல்லை. இரண்டும் சேர்ந்து நின்றது சுவரில் மட்டும்தான்.

அது எப்படித் தெரியும் என்றால் ஹாம்ப்டன் கோர்ட் படத்தால். இரண்டாம் சார்ல்ஸ் சொல்லி ரெமிஜியஸ் வான் லீம்புட் என்ற ஓவியர் 1667-ல் எடுத்த சிறு பிரதி அது. கித்தான், சுமார் 89 × 99 செ.மீ. கீழே ஒரு லத்தீன் வாசகம் வைத்திருக்கிறார்கள். அதன் சாரம்: மூலத்தை உரிய அளவில், சுவர்ச் சாந்தின் மேல், எட்டாம் ஹென்றி ஆணைப்படி ஹோல்பைன் செய்தார், அதைச் சிறிய அளவில் ரெமிஜியஸ் பிரதி எடுக்க வேண்டுமென இரண்டாம் சார்ல்ஸ் விரும்பினார். மூலம் எது, எதன் மேல் இருந்தது, யார் சொல்லிச் செய்தது, பிரதி யாருடையது, என்று என எல்லாம் ஒரே பட்டையில். பிரதி எடுப்பவர்கள் எல்லோரும் இப்படி எழுதி வைத்திருந்தால் பாதிச் சண்டை இருக்காது.

படி எடுத்த 31-ஆம் ஆண்டில் சுவர் எரிந்தது. நடுவில் இருந்த செய்யுளும் இந்தப் பிரதியில்தான் முழுதாகப் படிக்கக் கிடைக்கிறது.

#5 வண்ணக்குழம்பு
செய்யுள் என்ன சொல்கிறது?

#6 பழந்தாள்
பட்டிமன்றம்தான். வீரர்களின் புகழ்மிக்க உருவங்களைக் காண ஆசையென்றால் இவற்றைப் பார், இதைவிடப் பெரியோரை எந்தப் பலகையும் தாங்கியதில்லை என்று தொடங்கும். அடுத்து வழக்கு: வென்றவர் தந்தையா மகனா? இருவரும்தான் என்று ஒரு சமாதானம். தந்தை பகைவரை அடக்கி, நாட்டில் எரிந்த தீயை அணைத்து, குடிமக்களுக்கு அமைதி தந்தார். மகனோ அதைவிடப் பெரியவற்றுக்குப் பிறந்தவர். தகுதியற்றவர்களைப் பலிபீடங்களிலிருந்து விரட்டி நேர்மையானவர்களை அமர்த்தினார், போப்பாண்டவர்களின் செருக்கு அவர்முன் பணிந்தது.

1534-ல் ரோமோடு உறவை வெட்டிக்கொண்டு, 1536-ல் வடக்கே பெரிய கலகத்தைச் சந்தித்து, 1537-ல் இதை எழுதி வைக்கிறார். தீர்ப்பு யார் பக்கம் என்பதை உருவ அமைப்பே சொல்லிவிடும். தந்தை பின்னால், மேடையில் சாய்ந்தபடி. மகன் முன்னால், இரு காலையும் ஊன்றி.

#7 தாள்பசை
லண்டன் தாளைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் நமக்குக் கிடைத்த ஒரே நேர்ச்சாட்சி அதுதான்.

அது சுவரோவியத்துக்கான முழு அளவு மாதிரித்தாள். கார்ட்டூன் என்பார்கள். இடது பாதி மட்டும் மிஞ்சியது: முன்னே எட்டாம் ஹென்றி, பின்னே ஏழாம் ஹென்றி. ஜேனும் எலிசபெத்தும் இருந்த வலது பாதி தொலைந்துவிட்டது. கறுப்பு மையும் நீர்வண்ணமும் கொண்டு தீட்டியது. உயரம் எட்டரை அடி, அகலம் நாலரை அடி. அந்தக் காலத்தில் அந்த அளவுக்கு ஒற்றைத் தாள் கிடையாது, எனவே பல தாள்களை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். பிற்பாடு கித்தான் மேல் ஒட்டப்பட்டது.

உற்றுப் பார்க்க வேண்டிய இடம் உருவங்களின் ஓரம். உடலும் முகமும் தனித்தனியாக வெட்டி எடுத்து அடித்தாளில் ஒட்டியவை. அதாவது பின்னணிக் கட்டட வேலைப்பாடு ஒரு தாள், அரசரின் உருவம் ஒரு வெட்டு, முகம் இன்னொரு வெட்டு. இதன் வசதி வேலை செய்பவர்களுக்குத் தெரியும். உருவத்தை ஒரு அங்குலம் நகர்த்த வேண்டுமா, பசை காய்வதற்குள் நகர்த்தலாம். முகம் பிடிக்கவில்லையா, முழுத்தாளையும் மறுபடி வரைய வேண்டாம், முகத்துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

வெளிக்கோடுகள் நெடுக ஊசித்துளை உண்டு. துளை வழியே கரித்தூள் தட்டி சுவருக்கு ஏற்றும் முறை.

இது எப்படித் தப்பியது என்றால், மாதிரித்தாள் வேலை முடிந்ததும் அரண்மனையில் தங்கவில்லை. 1590-ல் லம்லி பிரபுவின் சரக்குப் பட்டியலில் வருகிறது. பிறகு டெவன்ஷயர் கோமகன் குடும்பத்திடம் இருந்து, 1957-ல் வாரிசு வரிக்கு ஈடாக அரசிடம் வந்து காட்சியகத்துக்குப் போனது. சுவரிலேயே இருந்த அசல் எரிய, வீடு வீடாக அலைந்த தாள் பிழைத்தது.

#8 ஊசிமுனை
ஓவிய வரலாறு எனக்குத் தெரியாது, ஆரி வேலை தெரியும். நாங்க இன்னைக்கும் இதையேதான் பண்றோம், அதனால ரெண்டு வார்த்தை.

டிசைனை டிரேசிங் தாள்ல போட்டு, அடியில மெத்துனு துணி மடிப்பு வெச்சு, கோட்டு மேல ஊசியால குத்திக்கிட்டே போகணும். நீளக் கோட்டுக்கு 2-3 மி.மீ. இடைவெளி போதும், பூ முனை, வளைவு இருக்கற இடத்துல நெருக்கமா குத்தணும். குத்தி முடிச்சதும் தாளோட பின்பக்கம் பிசிறு எழும்பி நிக்கும். அதை மெல்லிசு எமரி தாளால லேசா தேய்க்கலைன்னா துளை அடைச்சுக்கும், பொடி இறங்காது. அப்புறம் துணி மேல விரிச்சு, நாலு ஓரமும் அசையாம பிடிச்சு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில குழைச்சு பஞ்சால ஒத்தணும். மண்ணெண்ணெய் பறந்துடும், புள்ளி நிக்கும்.

கெட்டுப் போற இடம் மூணு. பொடி அதிகமானா புள்ளி எல்லாம் சேர்ந்து தீற்றலாயிடும். தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் ரெட்டைக் கோடு விழும். எடுக்கும்போது தாளை இழுத்தா எல்லாமே போச்சு, நேரா மேல தூக்கணும்.

ஒரு சந்தேகம். பொடி தட்டின தாள் அழுக்காயிடும், அதை யாரும் பத்திரப்படுத்த மாட்டோம். லண்டன் தாள் சுத்தமா இருக்கே?

#9 தாள்பசை
> பொடி தட்டின தாள் அழுக்காயிடும்

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கரித்தூள் மூட்டை பட்ட தாள் என்றால் துளையோரமெல்லாம் கருத்திருக்க வேண்டும், நீர்வண்ணத்தின் மேல் சாம்பல் படிந்திருக்க வேண்டும். இதில் அப்படிக் காணோம். அதனால் சொல்லப்படும் விளக்கம்: குத்தும்போது அடியில் வெற்றுத்தாளையும் சேர்த்து வைத்துக் குத்தியிருக்கிறார்கள். ஒரே குத்தில் இரண்டு தாளிலும் துளை. தீட்டிய தாள் பத்திரம். சுவரேறித் தூள் தின்று நைந்தது வெற்றுத்தாள். இத்தாலிப் பட்டறைகளில் அது வாடிக்கை.

மாதிரித்தாளை இத்தனை மெருகாகத் தீட்டியதற்கும் அப்போது காரணம் கிடைக்கிறது. வெறும் கோட்டுக்கு என்றால் நிழலும் மென்மயிர் அங்கியின் சுருளும் தேவையில்லை. அரசர் பார்த்து ஒப்புதல் தருவதற்கும் இதே தாளைத்தான் விரித்திருப்பார்கள் என்பது என் அனுமானம்.

#10 மதுரைவாசி
இப்ப முகத்துக்கு வாங்க. தாள்ல ஹென்றி முகம் முக்கால் பாகமா ஒரு பக்கம் திரும்பியிருக்கு. லீம்புட் பிரதில நேரா நம்மளையே பாக்கறாரு. வாக்கர், பெட்வொர்த், சாட்ஸ்வொர்த், பெல்வோர் மாளிகைப் படங்கள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரில ஹான்ஸ் ஈவொர்த் 1567-ல பண்ணின படம், எல்லாத்துலயும் நேர்முகம்தான்.

அரசர் கட்டளையிட்டு மாத்தியிருக்கணும். திரும்பின முகத்தோட இடுப்பை நேரா வெச்சா ஒரு அசைவு வந்துடுது, "எங்கயோ கவனம்"ங்கற மாதிரி. நேர்முகம் ஆனதும் தோள், மார்பு, கால் எல்லாம் ஒரே சதுரமாயிடுது. உள்ள வர்றவன் எங்க நின்னாலும் அவர் பார்வைல மாட்டணும்.

#11 பழந்தாள்
கட்டளையா ஹோல்பைன் யோசனையா என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் சான்று இல்லை. விளைவைப் பற்றி மட்டும் சாட்சி உண்டு. ஓவியர்களின் வரலாறு எழுதிய கரேல் வான் மாண்டர் 1604-ல் எழுதும்போது, இந்தச் சுவர்முன் நிற்பவர் கூசிக் குறுகி ஒன்றுமில்லாமல் போகிறார் என்கிற மாதிரி சொல்கிறார். அரசர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு.

தாள்பசை சொன்ன வெட்டு-ஒட்டு முறையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். மாட்ரிட் பலகையில் இருப்பதும் தாளில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே கோணம். ஹோல்பைனுடைய வழக்கம் அது. முன்னால் உட்கார வைத்து முகத்தை மட்டும் சீக்கிரம் வரைந்துகொள்வார், உடையும் கையும் பிறகு. 1538 மார்ச் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் டென்மார்க் இளவரசி கிறிஸ்டினாவை வரைய அவருக்குக் கிடைத்தது மதியம் மூன்று மணி நேரம்தான். அதை வைத்துக்கொண்டு ஆளுயரப் படம் செய்தார், இன்றும் லண்டன் தேசியக் காட்சியகத்தில் நிற்கிறது, 179 × 82.5 செ.மீ. கையில் இருக்கும் ஒரு முகவரைவை வைத்தே பல படம் செய்துவிடலாம். ஆகவே தாளில் இருந்தது ஏற்கெனவே கைவசம் இருந்த முகம். நேர்முகம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வரைய வேண்டும், அந்த வரைவு நமக்குக் கிடைக்கவில்லை.

ஏழாம் ஹென்றி 1509-லும் எலிசபெத் 1503-லும் இறந்தவர்கள். ஹோல்பைன் இங்கிலாந்துக்கு முதலில் வந்ததே 1526-ல். பின்வரிசை முழுக்கப் பழைய உருவங்களைப் பார்த்துச் செய்தது.

#12 வண்ணக்குழம்பு
அப்படியானால் வாக்கர் படத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஹோல்பைன் பட்டறையா, பின்னால் யாரோ செய்ததா? பலகையாக இருக்கும் படங்களை மரத்தை வைத்தே காலம் சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு நம்பலாம்?

#13 மரவளையம்
வாக்கர் படம் பிரதிகளில் தரமானது, ஹென்றி காலத்துக்கு நெருக்கமானது என்பது பொதுவான கருத்து. "ஹோல்பைனைப் பின்பற்றியது" என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மரக்கணக்கைப் பற்றி: ட்யூடர் காலப் பலகை பெரும்பாலும் ஓக். அதிலும் நல்ல பலகை பால்டிக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்தது. நெஞ்சை நோக்கி ஆரவாட்டில் பிளந்த பலகை என்பதால் அதன் தலைப்பக்க விளிம்பில் வளையங்கள் வரிசையாகத் தெரியும். விளிம்பைச் சுத்தம் செய்து ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளப்பார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டு தடித்த வளையம், வறண்ட ஆண்டு மெலிந்தது. இந்த ஏற்ற இறக்க வரிசையை அந்தந்த வட்டாரத்துக்கான அடிப்படை வரிசையோடு பொருத்தினால் கடைசி வளையத்தின் ஆண்டு கிடைக்கும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடைசி வளையம் என்பது மரம் வெட்டிய ஆண்டு இல்லை. தச்சர் பூச்சி அரிக்கும் வெளிமரத்தைச் செதுக்கி எறிந்திருப்பார். பால்டிக் ஓக்குக்கு அந்த வெளிமரம் குறைந்தது 8 வளையம் என்று கணக்கு. கிடைத்த கடைசி வளையம் 1520 என்றால் மரத்தை 1528-க்கு முன் வெட்டியிருக்க முடியாது, அவ்வளவே சொல்லலாம். அதற்குப் பிறகு எந்த ஆண்டும் ஆகலாம். பழைய பலகையில் பின்னாளில் தீட்டியவர்களும் உண்டு. ஆக, "இதற்கு முன் இல்லை" என்று மரம் அடித்துச் சொல்லும். "இந்த ஆண்டுதான்" என்று சொல்லாது. பல பலகை சேர்த்த படமென்றால் எல்லாப் பலகையையும் அளந்து, அதில் இளையதை எடுக்க வேண்டும். இரண்டு படத்தின் பலகை ஒரே மரத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால் அதுதான் பெரிய வெற்றி, ஒரே பட்டறை என்று சொல்ல வலுக் கிடைக்கும்.

கித்தானுக்கு இந்த வித்தை செல்லாது.

மரத்தோடு எக்ஸ்ரேயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரச தொகுப்பிலுள்ள மூன்றாம் ரிச்சர்டு படம் நல்ல உதாரணம். மரக்கணக்கு சுமார் 1504-20 என்றது, ரிச்சர்டு 1485-ல் மாண்டவர், எனவே நேரில் பார்த்துத் தீட்டியதில்லை. எக்ஸ்ரேயில் அவர் வலது தோளைப் பிற்பாடு உயர்த்தி, கண்ணைச் சுருக்கி மேலே தீட்டியிருப்பது தெரிந்தது. கூனன் என்ற பேச்சு படத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஈய வெள்ளை எக்ஸ்ரேயைத் தடுக்கும், கரியும் மண்நிறமும் விட்டுவிடும். அதனால்தான் முதல் தோளின் கோடு அடியில் தெரிகிறது.

#14 ஊசிமுனை
பின்னணி நிறம் ஏன் படத்துக்குப் படம் வேறயா இருக்கு? ஒண்ணுல நீலம், ஒண்ணுல பச்சை, ஒண்ணுல காப்பிக்கொட்டை நிறம்.

#15 மரவளையம்
ஓவியர் வேறு வேறு நிறம் போட்டிருக்கலாம். ஆனால் பல நேரம் குற்றவாளி வார்னிஷ்தான். பிசின் வார்னிஷ் ஆண்டுக்கணக்கில் மஞ்சளாகிப் பழுப்பாகும். அடியில் அசுரைட் நீலம் இருந்தால் மஞ்சள் சேர்ந்து பச்சை தெரியும், இன்னும் முற்றினால் சேறு. ஹோல்பைனே 1539-ல் தீட்டிய, ஹென்றியின் நான்காம் மனைவி கிளீவ்ஸ் ஆன் படம் பாரிஸ் லூவரில் இருக்கிறது. தோல்தாளில் தீட்டிக் கித்தானில் ஒட்டியது. நெடுங்காலம் பின்னணி பச்சைப்பழுப்பு என்றே எல்லோரும் எழுதினார்கள். அண்மையில் சுத்தம் செய்ததும் அடியிலிருந்து பளிச்சென்று நீலம் வந்தது.

இரண்டாவது காரணம் நிறப்பொருளே மாறுவது. கோபால்ட் கலந்த கண்ணாடியை அரைத்துச் செய்யும் ஸ்மால்ட் நீலம் எண்ணெயில் சாம்பலாகிவிடும். செவ்வரக்குப் பூச்சு வெளிச்சத்தில் வெளுக்கும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த அங்கி இன்று பழுப்பாக நிற்கலாம். சாதிலிங்கம் அதைவிடத் தாங்கும், சில இடத்தில் கருக்கும். தாமிரப் பச்சை பழுப்பேறும். ஈய-வெள்ளீய மஞ்சள் அப்படியே நிற்கும். ஆகவே அங்கியின் நிறத்தை வைத்துப் "இது வேறு உடை, வேறு ஆண்டு" என்று வாதம் கட்டுவதற்குமுன் சுத்தம் செய்த நிலையில் எடுத்த படமா என்று பாருங்கள்.

மாதிரித்தாளுக்குச் சிக்கல் வேறு. தாளும் கித்தானும் ஈரத்துக்கு ஒரே மாதிரி சுருங்கி விரியாது, ஒட்டு விட்டுப் பொங்கும். வெளிச்சமும் ஆகாது, தாள் வேலைக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்பதே பொதுவான வரம்பு. நேரில் போனவர்கள் "இருட்டாக வைத்திருக்கிறார்கள்" என்று குறைப்படுவது இதனால்தான்.

#16 மதுரைவாசி
உருவத்தைப் பத்தியும் ஒண்ணு. படத்துல கால் ரெண்டும் உருண்டு திரண்டு விளையாட்டு வீரன் கால் மாதிரி இருக்கு. 1536 ஜனவரி 24 அன்னைக்கு ஈட்டிப் போட்டில குதிரையோட விழுந்தவர் அவர், கால் புண் கடைசி வரைக்கும் ஆறலை. 1540-ல அவருக்குச் செஞ்ச கவசத்தோட இடுப்புச் சுற்று 50 அங்குலத்தைத் தாண்டுது. நம்மூர் தையல்காரர் டேப்பைச் சுத்திப் பாருங்க, திகைச்சுடுவீங்க. சுவர்ல அந்தப் பருமன் எல்லாம் தோளா, நெஞ்சா, உப்பின சட்டைக் கையா மாறிடுச்சு. அகலத்துக்கு உடை பொறுப்பு ஏத்துக்கிச்சு, கால் தப்பிச்சுது.

#17 பழந்தாள்
கவசம் மூன்று ஆண்டு பிந்தியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 1537-ல் அவருக்கு 46 வயது, எடை ஏறிக்கொண்டிருந்த காலம். உடையைப் பற்றிச் சொன்னது உண்மை. தோளிலிருந்து கீழே குறுகும் முக்கோணத்தை அங்கிதான் கட்டுகிறது.

அந்த ஆண்டின் தேதிகளும் முக்கியம். அக்டோபர் 12-ல் எட்வர்டு பிறந்தான், 24-ல் ஜேன் இறந்தாள். ஓவியம் கருவுற்ற செய்தியைக் கொண்டாடவா, பிறப்பைக் கொண்டாடவா, இறந்த பிறகு முடித்ததா என்று மூன்று கட்சி உண்டு. ஆண்டு மட்டும் தெரிந்து மாதம் தெரியாததால் எந்தக் கட்சிக்கும் தீர்ப்பு கிடையாது. குழந்தை படத்தில் இல்லை என்பதை "அதற்கு முன் தீட்டியது" என்பதற்கு ஆதாரமாகச் சிலர் வைக்கிறார்கள். எனக்கு அது பலவீனமாகப் படுகிறது. செய்யுள் முழுக்க அப்பன்-மகன் வழக்கு. மூன்றாம் தலைமுறையை உள்ளே விட்டால் வழக்கின் அமைப்பே கெட்டுவிடும்.

#18 வண்ணக்குழம்பு
சுவர் எரிவதற்குமுன் இதே நேர்முகத்தை ஹோல்பைன் வேறெங்காவது பயன்படுத்தினாரா?

#19 பழந்தாள்
முடிதிருத்துவோர்-அறுவை மருத்துவர் குழுமத்துக்காக அவர் தொடங்கிய பெரிய குழுப்படம். 1540-ல் அந்த இரு சங்கங்களும் ஒன்றானதைக் குறிப்பது. நடுவே ஹென்றி நேராகப் பார்த்தபடி சிலைபோல் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் மருத்துவர்கள் மண்டியிட்டிருப்பார்கள். 1543-ல் ஹோல்பைன் லண்டனில் இறந்துவிட, மற்றவர்கள் கைபட்டுத்தான் முடிந்தது. 1666 லண்டன் பெருந்தீயில் இதுவும் அடிபட்டது. இரண்டு ஆண்டு கழித்து, நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் அதை வாங்கலாமென்று போய்ப் பார்த்தார். 1,000 பவுண்டு பெறும் என்று பேச்சு, 200 கொடுக்கலாமென்று மனக்கணக்கு. பார்த்ததும், இவ்வளவு கெட்டுப்போனது வேண்டாம் என்று திரும்பிவிட்டார். ஹோல்பைனுக்கு அரசர் கொடுத்த ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

#20 நெறியாளர்
இழை நீண்டுவிட்டது. இங்கே படம் ஏற்றுபவர்கள் குறிப்பு எழுதும் முறையை யாராவது சுருக்கமாகச் சொன்னால் முதல் பதிவில் இணைத்துவிடலாம்.

#21 தாள்பசை
முழு உருவம், வண்ணம், நேர்முகம் என்றால் அது பிரதி. "ஹோல்பைனின் வைட்ஹால் சுவரோவியத்தைப் பின்பற்றியது" என்று போட்டு எந்தக் காட்சியகம் என்பதைச் சேர்க்கவும். 1537 என்பது சுவரின் ஆண்டு, பிரதிக்கு அதைப் போடாதீர்கள்.

நால்வர் படம் என்றால் "ரெமிஜியஸ் வான் லீம்புட், 1667". ஹோல்பைன் பெயர் இரண்டாவதாகத்தான் வரவேண்டும்.

முக்கால் முகம், மார்பளவு, நீலப் பின்னணி என்றால் மாட்ரிட். அங்கே ஹோல்பைன் பெயரைத் தாராளமாகப் போடலாம். முக்கால் முகம், முழு உருவம், பின்னால் தந்தை, வண்ணம் மங்கல் என்றால் லண்டன் மாதிரித்தாள், அதற்கும் அப்படியே.

ரோமில் தேசியத் தொகுப்பிலுள்ள, "வயது 49" என்று எழுதிய படத்துக்கு மட்டும் "ஹோல்பைனுடையது எனக் கருதப்படுவது" என்று போடுங்கள். அதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

#22 மரவளையம்
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இடவலம் புரட்டிய படங்கள் நிறையச் சுற்றுகின்றன, ஏற்றுமுன் சரிபார்க்கவும். கார்ட்டர் என்ற அரச வீரர் வரிசையின் பட்டையை இடது முழங்காலுக்குக் கீழே கட்டுவது முறை, நம் பார்வையில் அது வலப்பக்கம் வரும். கையுறை அவர் வலது கையில், நமக்கு இடப்பக்கம். இவை மாறியிருந்தால் யாரோ புரட்டியிருக்கிறார்கள். நால்வர் படத்தில் ஆண்கள் நமக்கு இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம்.

#23 நெறியாளர்
#21, #22 இரண்டும் முதல் பதிவில் இணைக்கப்பட்டன. பெட்வொர்த், பெல்வோர் படங்களின் தெளிவான பிரதி வைத்திருப்பவர்கள் இதே இழையில் ஏற்றலாம்.